ஆரத்தியா, ரேடியேட்டரா?

கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரும்படி மேனேஜர் கேட்டார். ரேடியேட்டரை எப்படிக் கழற்றுவது, ஹோஸை எப்படி மாட்டுவது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்கள் கைப்பேசியே என்னைவிட நன்றாகச் சொல்லித்தரும், அதுவும் திட்டாமல். நான் எழுதப்போவது என் மடத்தனத்தைப் பற்றி. அது எந்த வீடியோவிலும் கிடைக்காது.

நான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பார்த்துத் தொழில் கற்றவன். படகு இன்ஜினுக்குச் சூடு ஒரு பிரச்சினையே இல்லை. சுற்றிலும் கடல். பம்ப் அதை இழுத்து இன்ஜினைக் குளிரவைத்துவிட்டு மறுபடி கடலிலேயே கொட்டிவிடும். ஒழுகினால் ஒழுகட்டும், கடல் வற்றவா போகிறது? இந்த எண்ணத்தோடு தரைக்கு வந்தவன் நான். துறைமுகத்தில் பல வருடம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டிய பின், கடைசியில் நம் கேரவன் வண்டிகள். படகுப் பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் வேண்டாம். “சூடா கீறப்ப மூடியத் தொறக்காத, இன்ஜினா இருந்தாலும் சரி, மன்சனா இருந்தாலும் சரி” என்பார். டிரெய்லரில் ஒரு முறை மறந்துபோய்த் திறந்தேன். என் இடது கையில் நீங்கள் பார்த்துவிட்டு, கேட்கக் கூச்சப்படுகிற தழும்பு அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராயபுரத்தில் ஓர் அண்ணாச்சி. தென்பக்கத்துக்காரர். யானைக்கவுனியில் ஆணி, கயிறு, கம்பி எல்லாம் மொத்த வியாபாரம். நெல்லூரில் இருக்கும் கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்குப் போக நம்மிடம் கேரவன் எடுத்தார். ஓட்டிப்போக என்னை அனுப்பினார்கள். நெல்லூருக்குக் காரில் போனால் மூன்று நாலு மணி நேரம். அதற்கு எதற்குக் கட்டிலும் சமையல் மேடையும் குளியலறையும் உள்ள வண்டி என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேவிட்டேன்.

அண்ணாச்சி என்னைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னார். பதினோரு வருடங்களுக்கு முன்னால் அந்தக் கொழுந்தியாள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அண்ணாச்சியின் பெயர் விட்டுப்போய்விட்டது. அன்றைக்கு அவர் மனைவி பாக்கியத்தக்கா சொன்ன வார்த்தை: “இனி அவ வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன், ஒரு ராத்திரி படுக்க மாட்டேன்.” அன்றிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது கல்யாணப் பெண்ணே போன் போட்டு, பெரியம்மா வராமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். பாக்கியத்தக்கா இறங்கிவந்தார். ஆனால் பாதிப் படிதான். கல்யாணத்துக்கு வருவேன், அந்த வீட்டில் குளிக்க மாட்டேன், சாப்பிட மாட்டேன், படுக்க மாட்டேன் என்றுவிட்டார். அதனால்தான் வீட்டையே சக்கரத்தில் வைத்து எடுத்துப்போக அண்ணாச்சி முடிவு செய்திருந்தார்.

“நல்லாக் கேட்டுக்கிடும் வே. இவ கிளம்புறதே பெரிய காரியம். வழியில ஏதும் தடங்கல்னு தெரிஞ்சா, சகுனம் சரியில்லன்னு அப்படியே வண்டியத் திருப்பச் சொல்லிருவா. திருப்பினா, அக்கா தங்கச்சி உறவு இந்த ஜென்மத்துல கிடையாது” என்றார்.

“நம்ம வண்டி நிக்காது அண்ணாச்சி” என்றேன். இப்படிச் சொன்ன வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.

கிளம்பும் காலையில் தெருவே கூடிவிட்டது. வீடு மாதிரி ஒரு வண்டி, அதில் பதினோரு வருடக் கோபம் முடியப்போகிறது. யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது? அண்ணாச்சி ஆளுயரச் சாமந்தி மாலையும், எலுமிச்சை மிளகாய் கோத்த திருஷ்டிக் கயிறும் கொண்டுவந்தார். முன்பக்கக் கிரில்லில் கட்ட வேண்டும். கிரில் வழவழப்பான பிளாஸ்டிக், எதிலும் நிற்காது. உடனே தன் கடைக் கட்டுக்கம்பிச் சுருள் ஒன்றை நீட்டினார்.

“நம்ம கடைக் கம்பி வே. அறாது.”

கிரில்லின் இடுக்கில் கம்பியை விட்டு, குறடால் ஒரு முறுக்கு முறுக்கினேன். இன்னொரு முறுக்கு. தெரு பார்க்கிறதே என்று பெருமைக்கு மூன்றாவது முறுக்கு. நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. குழந்தைகள் கையைக் கிழித்துவிடும் என்று அதை நன்றாக உள்ளே மடக்கித் தள்ளினேன். என் பொறுப்புணர்ச்சியை நினைத்து அப்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆரத்தி சுற்றினார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரை வண்டிக்கு முன்னால் ஊற்றினார்கள். நான் வழக்கம்போலக் கடைசியாக ஒரு முறை குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பம்பருக்குக் கீழே சிவப்பாகக் கொஞ்சம் தேங்கியிருந்தது. ஆரத்தி ஓடி வந்திருக்கிறது என்று நிமிர்ந்துவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் பச்சையிலும் வரும், நீலத்திலும் வரும், சிவப்பிலும் வரும். அந்த வண்டியில் இருந்தது சிவப்பு. முந்தின நாள் ஊற்றியதே நான்தான்.

திருவொற்றியூரில் அண்ணாச்சிக்கு டீ வாங்க நிறுத்தினேன். இறங்கியபோது பம்பருக்குக் கீழே மறுபடி நாலைந்து சிவப்புச் சொட்டு. பம்பரில் தெறித்த ஆரத்தி இன்னும் வடிகிறது போலும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ராயபுரத்தில் ஊற்றிய ஆரத்தி திருவொற்றியூர் வரை வடியுமா என்று ஒரு வினாடி யோசித்திருந்தால் போதும். தவறு செய்கிறவனுக்குச் சமாதானம் மட்டும் எப்படித்தான் இவ்வளவு வேகமாகக் கிடைக்கிறதோ, தெரியவில்லை.

விம்கோ நகர் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றன. நத்தை வேகம். எர்ணாவூரை நெருங்கும்போது வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டியது. நெரிசலில் ஏறும், ஓடினால் இறங்கும் என்று விட்டேன். லாரிகள் கொஞ்சம் நகர்ந்தன. முள் இறங்கவில்லை, மேலே போனது. எண்ணூரில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்று உண்டு. பத்து நிமிடம் ஓட்டினால் போய்விடலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குத் தெரியாமல் காரியம் முடிந்துவிடும். என் கால் ஆக்ஸிலரேட்டரில் தயங்கியது.

தம்பிகளே, உங்கள் வேலையில் இந்தப் பத்து நிமிடம் ஒரு நாள் கட்டாயம் வரும். இன்ஜினைக் கொல்வது அந்தப் பத்து நிமிடம்தான். அது மட்டும் எனக்குப் புத்தியில் இருந்தது. ஓரமாக ஒதுக்கி இன்ஜினை அணைத்துவிட்டேன்.

பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த பாக்கியத்தக்கா கேட்டார், “என்ன தம்பி, நின்னுட்டு?”

பக்கத்து சீட்டில் இருந்த அண்ணாச்சி என் தொடையைக் கிள்ளினார்.

“முன்னாடி லாரிங்க நிக்குதுக்கா. எண்ணூர் ரோட்டுல இது எப்பவும் கீறதுதான்” என்றேன். நம்ப எந்தக் கஷ்டமும் இல்லாத பொய். அந்தச் சாலையில் லாரி நிற்கிறது என்பது கடலில் அலை இருக்கிறது என்பதைப் போலத்தான். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே இறங்கியதும் அண்ணாச்சி தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். “மூடியத் திறவும், ஊத்துவோம்.”

நான் சட்டைக்கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன். அவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். ஆறும்வரை முக்கால் மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். நம் தொழிலில் மிகக் கடினமான வேலை அதுதான். கை துறுதுறுக்கும், கூட இருப்பவர்கள் யோசனை சொல்வார்கள், ஹாரன் அடிப்பார்கள். நின்றுதான் ஆக வேண்டும்.

நின்றபடியே யோசித்தேன். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் உபரிக் கூலன்ட் நிற்கும் பாட்டில் காலி. கூலன்ட் எங்கேயோ போயிருக்கிறது. ஹோஸ்கள் காய்ந்திருந்தன, பம்பும் காய்ந்திருந்தது. அப்போது என் புத்தி வண்டியின் பின்பக்கம் போனது. குளிக்க வெந்நீர் வேண்டும் என்பதற்காக நம் வண்டிகளில் இன்ஜின் சூட்டைக் குழாய் வழியாகக் கடைசிவரை கொண்டுபோகிறோம் அல்லவா? அந்த வெந்நீர் டாங்க் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கட்டிலின் மேல் பாக்கியத்தக்கா இருக்கிறார். முந்தின மாதம்தான் வேறொரு வண்டியில் அந்த இணைப்பு ஒழுகியிருந்தது. இங்கேயும் அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

“அக்கா, கொஞ்சம் அந்தாண்ட குந்துறீங்களா? மெத்தை சரியா கீதான்னு பாக்கணும்.”

“நடு ரோட்டுலயா?”

“கம்பெனி ரூல்ஸ்க்கா.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முழங்கால் வலியோடு மெல்ல நகர்ந்து உட்கார்ந்தார். நான் மெத்தையைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருந்தது. மெத்தை அருமையாக இருக்கிறது என்று அறிவித்துவிட்டு இறங்கினேன். போன மாதம் பார்த்த பழுதையே இந்த மாதமும் தேடுகிற வியாதி எனக்கு உண்டு. உங்களுக்கும் வரும்.

இதற்குள் முன்னால் நின்ற டிரெய்லரிலிருந்து ஒரு டிரைவர் இறங்கி வந்திருந்தார். லுங்கி, தோளில் துண்டு, கையில் டீ.

“இன்னா நைனா, வூட்டக் கெளப்பிகினு எங்க போற?”

“நெல்லூர்.”

“ரேடியேட்டரா?”

“ஆமா. மெதுவாப் பேசு. உள்ள ஒரு அம்மா கீறாங்க, அவங்களுக்குத் தெரியக் கூடாது.”

அவர் தலையாட்டினார். இன்ஜின் ஆறியது. பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஸ்டார்ட் செய்து, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தேன். எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. வெளியே நின்ற லாரிக்காரர்தான் கண்டுபிடித்தார்.

“நைனா, இங்க வா. மாலைக்கு உள்ளருந்து ரத்தம் வருது பாரு.”

எழுந்து வந்தேன். சாமந்திப் பூக்களின் நடுவிலிருந்து சிவப்பாக நூல் போல வடிந்துகொண்டிருந்தது. மாலையைத் தூக்கினேன். நம் வண்டிகளில் ஏசி சாமான் எல்லாம் கூரையில் இருப்பதால் கிரில்லுக்குப் பின்னால் நேரே ரேடியேட்டர்தான். நான் மூன்று முறுக்கு முறுக்கி, பொறுப்பாக உள்ளே மடக்கித் தள்ளிய கம்பி நுனி, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் ஒன்றில் ஏறி நின்றது. திருஷ்டி படக் கூடாது என்று கட்டியது அது.

அண்ணாச்சி கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரோட்டில் கல் குத்தியது என்று சொல்லலாமா என்றுதான் முதலில் தோன்றியது. அன்றைக்கு ஏற்கெனவே சொன்ன பொய் போதும் என்று பட்டது.

“அண்ணாச்சி, இது என் கை வேலை. தப்பு என்னுதுதான்.”

அவர் குனிந்து கம்பியின் முறுக்கை எண்ணிப் பார்த்தார். பிறகு, “கம்பி நம்ம கடைதானவே. அறாதுன்னு நானுல்லா சொன்னேன்” என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் இன்றுவரை போகவில்லை.

வேலை பெரியதல்ல. இன்ஜினை அணைத்து, கம்பியை எடுத்து, ஓட்டை விழுந்த அந்த ஒரு குழாயை மட்டும் மேலும் கீழும் வெட்டி, குறடால் நசுக்கி மடக்கி, பிசைந்து ஒட்டும் பசையை வைத்து அடைத்தேன். ஒரு குழாய் போனாலும் மற்றவை வேலை செய்யும். பசை காயக் காத்திருக்கும்போது லாரிக்காரருக்கு உதவி செய்யும் ஆர்வம் பொங்கிவிட்டது. நான் திரும்புவதற்குள் கேரவன் ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, மஞ்சத்தூள் கீதா? ரேடியேட்டர்ல ஓட்டை. உள்ள போட்டா அடச்சுக்கும்.”

அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வண்டியைத் திருப்பு என்ற சத்தத்துக்காகக் காது கூசக் காத்திருந்தேன்.

கதவு திறந்தது. பாக்கியத்தக்கா படியில் நின்றார். கையில் மஞ்சள்தூள் டப்பா. தேடி எடுக்க நேரமே இல்லை. ஏற்கெனவே கையில் வைத்திருந்திருக்கிறார்.

“ஒரு மணி நேரமா இதப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். ஒருத்தராவது வந்து கேப்பீகளான்னு பாத்தேன்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?” என்றார் அண்ணாச்சி.

“ஆரத்தி ஊத்துனது இடது டயர்கிட்ட. செவப்பு வடிஞ்சது நடுவுல. ஏறும்போதே பாத்தேன். டீக்கடையிலயும் பாத்தேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?”

அவர் கணவரைக் காட்டினார். “சொன்னா இவுக வண்டியத் திருப்பிருவாகளே. பத்திரிகையில விட்டுப்போனது இவுக பேருல்லா? எனக்கென்ன, அவ என் தங்கச்சி. படுக்க மாட்டேன், குடிக்க மாட்டேன்னு நான் சொன்னதெல்லாம் இவுக மானத்துக்குத்தான்.”

“நீ திரும்பிருவேன்னுதான் நான் மறைச்சேன்” என்றார் அண்ணாச்சி.

பதினோரு வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒருவருக்காக ஒருவர் கோபத்தைக் காத்துவந்திருக்கிறார்கள். லாரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “செம பேஜாருப்பா இது” என்று டீயைக் குடித்து முடித்தார்.

நீங்கள் பழுது பார்க்கும்போது டிரைவரைக் கேட்பீர்கள், மீட்டரைக் கேட்பீர்கள். வண்டியில் சும்மா உட்கார்ந்து வருகிறவரைக் கேட்க மாட்டீர்கள். நானும் கேட்கவில்லை. மெத்தையைத் தூக்கிப் பார்த்த நேரத்தில், அதன்மேல் உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

மஞ்சள்தூள் வேண்டாம் என்றேன். பின்னால் போகும் வெந்நீர்க் குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆனால் தண்ணீர் நிறைய வேண்டும். அண்ணாச்சி கேன் தண்ணீர் வாங்க எர்ணாவூருக்குள் ஓடத் தயாரானார். நானும் அவரோடு கிளம்பினேன்.

“எங்க போறீக ரெண்டு பேரும்? இது வீடுல்லா. வீட்டுல தண்ணி இல்லாமலா இருக்கும்?” என்றார் அக்கா.

லாரியே ஓட்டிப் பழகிய என் புத்தி அப்படி. காலையில் நானே நிரப்பிய குளியல் டாங்க் என் நினைவுக்கு வரவேயில்லை. குழாயைத் திறந்து பக்கெட்டில் பிடிக்க ஆரம்பித்தேன். அக்கா பின்னாலேயே நின்று எச்சரித்தார், “பாதிதான் தம்பி. மீதி எனக்குக் குளிக்க வேணும். என்ன இருந்தாலும் சொன்ன சொல்லு சொன்னதுதான.”

அழுத்தம் அதிகம் ஏறாமலிருக்க ரேடியேட்டர் மூடியை முழுக்க இறுக்காமல், மெதுவாக ஓட்டினேன். மீஞ்சூர் தாண்டி நெடுஞ்சாலை பிடித்த பிறகும் அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தினேன். ஒவ்வொரு முறையும் நான் இறங்குவதற்கு முன்னாலேயே அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, “சொட்டு இல்ல தம்பி, போகலாம்” என்பார். அவரை நம் கம்பெனியிலேயே சேர்த்திருக்கலாம்.

நெல்லூர் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வாசலில் பந்தல். தங்கை ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தார். படியிறங்கிய அக்காவுக்கும் அண்ணாச்சிக்கும் சுற்றி, சிவப்புத் தண்ணீரை வண்டிக்கு முன்னால் ஊற்றினார். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. கல்யாண வீடு முழுக்கப் பார்க்க, மண்டியிட்டு அந்தச் சிவப்பைத் தொட்டு முகர்ந்து பார்த்தேன்.

“அது ஆரத்திதான் தம்பி. எந்திரிங்க” என்றார் பாக்கியத்தக்கா.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தங்கை, தோளிலிருந்த துண்டை எடுத்துத் தயங்கித் தயங்கி நீட்டினார். “குளிச்சிட்டுச் சாப்பிடலாம்க்கா. வெந்நீர் போட்டிருக்கேன்.”

அக்கா துண்டை வாங்கவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் வண்டியிலயே குளிச்சுக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். “டாங்க்ல தண்ணி இருக்குல்லா தம்பி?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். தங்கை என்னைப் பார்த்தார். நீட்டிய துண்டு அப்படியே நின்றது. டாங்கில் பாதித் தண்ணீர் பத்திரமாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் டாங்கின் அளவைக் காட்டும் நாலு விளக்கில் இரண்டு பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. ராயபுரத்தில் ஒழுகியதைப் பார்த்த அக்காவின் கண்ணுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

“ஒரு சொட்டு இல்லக்கா” என்றேன். “எல்லாத்தையும் ரேடியேட்டர் குடிச்சிட்டுது.”

அக்கா கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னை நிதானமாகப் பார்த்தார்.

“அப்படியா? அப்ப வேற வழியில்ல” என்று சொல்லிவிட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு, தங்கையின் தோளைப் பிடித்தபடி வீட்டுக்குள் போனார். கல்யாணம் முடியும்வரை அந்த மெத்தையில் படுத்தது நான் மட்டும்தான். மெத்தை அருமையாகத்தான் இருந்தது.